இரண்டு நிமிஷ விமானம்

(பழைய மாணவர் சங்கத்தின் மறுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, “நீதான் விமானக் கம்பெனியில் கணக்கு எழுதியவனாச்சே, அதைப் பற்றி ஏதாவது பேசேன்” என்றார். பெரிய விமானக் கம்பெனிகளைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய வருகிறது. அதனால் நான் ஒரு சின்னக் கம்பெனியின் கதையைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஸ்காட்லாந்தில் இருக்கிறது. பெயர் லோகன்ஏர். வணிகவியல் படித்தவர்கள் இங்கே பாதிப் பேர் இருக்கிறீர்கள். ‘நஷ்டம்’ என்று நாம் எழுதுகிறோமே, அந்தச் சொல் யாருடைய ஏட்டில் எழுதப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் வடக்கு முனைக்கும் அப்பால், கடலுக்குள் ஆர்க்னி என்று ஒரு தீவுக்கூட்டம். மொத்த ஜனத்தொகை இருபதாயிரத்துச் சொச்சம். தலைநகர் கிர்க்வால். அதற்கு வடக்கே சின்னச் சின்னத் தீவுகள். அவற்றில் வெஸ்ட்ரே ஒன்று. பக்கத்திலேயே பாப்பா வெஸ்ட்ரே. பின்னதில் வசிப்பவர்கள் நூறு பேருக்கும் குறைவு. இந்த இரண்டு தீவுகளுக்கும் இடையே லோகன்ஏர் 1967-ல் விமானம் விட ஆரம்பித்தது. தூரம் எவ்வளவு தெரியுமா? சுமார் இரண்டேமுக்கால் கிலோமீட்டர். அட்டவணையில் போட்டிருக்கிற பயண நேரம் இரண்டு நிமிஷம். காற்று சாதகமாக இருந்தால் அதுவும் ஆகாது. ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் என்ற பைலட் 53 விநாடியில் போய் இறங்கியிருக்கிறார். உலகத்திலேயே மிகக் குறுகிய பயணிகள் விமான சேவை என்று கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது. பெல்ட்டைப் போட்டு நிமிர்வதற்குள் கழற்றச் சொல்லிவிடுவார்கள்.

கேட்டதும் சிரிப்பு வருகிறது. “இதற்கு ஒரு விமானமா?” என்று தோன்றுகிறது. அந்தக் கடல் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் சிரிப்பு அடங்கிவிடும். அட்லாண்டிக்கும் வடகடலும் மோதிக்கொள்கிற இடம். குளிர்காலத்தில் பகல் வெளிச்சம் ஆறு மணி நேரம்தான். புயல் அடித்தால் படகு கிடையாது. இன்னும் வடக்கே நார்த் ரொனால்ட்சே என்று ஒரு தீவு. கரையோரம் கடற்பாசியைத் தின்று வளரும் ஆடுகளுக்குப் பேர்போனது. கிர்க்வாலிலிருந்து அங்கே கப்பலில் போக இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகும். விமானத்தில் சுமார் கால்மணி நேரம். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதற்கு விதை போட்டவர் லோகன் அல்ல. அவருக்கு முப்பது வருஷம் முன்பே கேப்டன் டெட் ஃப்ரெசன் என்று ஒருவர் இருந்தார். முதல் உலகப்போரில் விமானம் ஓட்டியவர். போர் முடிந்து, ஊர் ஊராகப் போய்க் காசு வாங்கிக்கொண்டு ஜனங்களை வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிப் பிழைத்தவர். அப்படி ஆர்க்னிக்கு வந்தபோதுதான், இந்த ஊருக்கு வேடிக்கை விமானமல்ல, அன்றாட விமானம் வேண்டும் என்று அவருக்கு உறைத்தது. 1933 மே மாதம் ஹைலேண்ட் ஏர்வேஸ் என்ற பெயரில் இன்வர்நெஸ் நகரிலிருந்து கிர்க்வாலுக்குச் சேவை தொடங்கினார். அடுத்த வருஷம் மே 29-ல், கூடுதல் கட்டணம் இல்லாமல் சாதாரணத் தபால்தலையிலேயே கடிதங்களை விமானத்தில் கொண்டுபோகும் முதல் உள்நாட்டுத் தபால் சேவை, பிரிட்டனிலேயே இவருடைய விமானத்தில்தான் ஆரம்பமானது. லண்டன்காரனுக்குக் கிடைக்காத வசதி தீவுக்காரனுக்கு முதலில் கிடைத்தது! சின்னத் தீவுகளின் மேய்ச்சல் நிலங்களிலும் ஃப்ரெசன் விமானத்தை இறக்கினார்.

அப்புறம் இரண்டாம் உலகப்போர் வந்தது. சின்னத் தீவுச் சேவை நின்றது. போர் முடிந்து 1947-ல் ஸ்காட்லாந்தின் விமானக் கம்பெனிகள் அரசுடைமையாகி, பிரிட்டிஷ் யூரோப்பியன் ஏர்வேஸ் என்ற பெரிய நிறுவனத்தோடு சேர்க்கப்பட்டன. மறு வருஷமே ஃப்ரெசன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பெரிய நிறுவனம் கிர்க்வால் வரை பறந்தது. அதற்கப்பால் நூறு பேர், ஐநூறு பேர் வசிக்கிற தீவுகளுக்குப் பறக்கவில்லை. அவர்கள் கணக்கில் அது சரிதான். ஆனால் தீவுக்காரர்களுக்கு ஏறத்தாழ முப்பது வருஷம் விமானம் இல்லாமலே போயிற்று.

இந்த இடத்தில்தான் வில்லி லோகன் வருகிறார். அவர் விமானத் துறைக்காரரே அல்ல, கட்டட கான்ட்ராக்டர். சாலை, பாலம் என்று ஸ்காட்லாந்து முழுக்க வேலை எடுத்துச் செய்தவர். வேலை நடக்கிற இடங்களுக்குச் சீக்கிரம் போய்வர விமானம் வசதியாக இருக்கிறது என்று கண்டுகொண்டார். 1962 பிப்ரவரியில், ஐந்து பேர் போகக்கூடிய பைப்பர் ஆஸ்டெக் என்ற ஒற்றை விமானத்தோடு லோகன்ஏர் பிறந்தது. வாடகைக் கார் மாதிரி வாடகை விமானம், அவ்வளவுதான். டண்டீ நகரில் டே நதியின் மேல் சுமார் இரண்டேகால் கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலைப் பாலம் கட்டியது லோகனின் கம்பெனிதான்.

அந்தப் பாலத்தைத் திறந்து வைப்பதை அவர் பார்க்கவில்லை. 1966 ஜனவரியில் அவருடைய விமானங்கள் வேறு வேலையில் இருந்ததால், இன்னொரு கம்பெனியின் விமானத்தை வாடகைக்கு எடுத்து இன்வர்நெஸ் போனார். ஊருக்குப் பக்கத்தில் ஒரு குன்றில் மோதி இறந்துபோனார். பாலம் அதே ஆண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

முதலாளி போய்விட்டார். கம்பெனிக்கு வயசு நாலு. இத்தோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அங்கே இருந்த பைலட்டுகளும் நிர்வாகிகளும் தீவுப் பக்கம் திரும்பினார்கள். அதற்கு ஏற்ற விமானமும் அதே சமயத்தில் சந்தைக்கு வந்தது. ஜான் பிரிட்டன், டெஸ்மண்ட் நார்மன் என்ற இரு நண்பர்கள், இங்கிலாந்தின் தெற்கே ஐல் ஆஃப் வைட் தீவில் ‘ஐலண்டர்’ என்ற விமானத்தை வடிவமைத்தார்கள். அது முதலில் பறந்தது 1965 ஜூனில். இரண்டு இஞ்சின், மடங்காத சக்கரம், எட்டு ஒன்பது பயணிகள். நவநாகரிகம் எதுவும் கிடையாது. ஆனால் அரைக் கிலோமீட்டர் சரளைத் தரையோ புல்தரையோ இருந்தால் இறங்கி ஏறிவிடும். ஒரே பைலட் போதும். கூட்டமாக இருந்தால் பைலட்டுக்குப் பக்கத்து இருக்கையிலும் பயணி உட்காரலாம், நம்ம ஊர் வேனில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்காருகிற மாதிரி. நமது கடற்படையும் 1976 முதல் இதே ஐலண்டரை வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறது. 1967-ல் இந்த விமானம் லோகன்ஏருக்கு வந்து சேர்ந்தது. முதலில் வாங்கியவர்களில் அவர்களும் ஒருவர். விமானத்துக்கு ஏற்ற ஊரைத் தேடாமல், ஊருக்கு ஏற்ற விமானத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

அந்த இரண்டு நிமிஷ விமானத்தில் யார் போகிறார்கள்? டாக்டர் போகிறார். பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் போகிறார். பல் வலிக்காரர் கிர்க்வாலுக்கு வருகிறார். பாப்பா வெஸ்ட்ரேயில் ஐயாயிரம் ஆண்டுக்கும் முந்தைய கல்வீடு ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் போகிறார்கள். வங்கிகூட விமானத்தில்தான் போனது. பணப்பெட்டியோடு தீவு தீவாக இறங்கி, அங்கேயே கணக்குப் பார்த்துவிட்டு அடுத்த விமானத்தில் திரும்புகிற வங்கி ஊழியர் ஒருவர், பத்தாயிரமாவது தடவை பறந்ததைப் பத்திரிகைகள் எழுதின. வங்கி வேலையில் இருக்கும் நண்பர்கள் தங்கள் டிரான்ஸ்ஃபரை நினைத்து இனி அலுத்துக்கொள்ள வேண்டாம்.

லோகன்ஏரின் இன்னொரு முகம் ஆம்புலன்ஸ். 1967 முதல் 2006 வரை, ஏறக்குறைய நாற்பது வருஷம், தீவு நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் பணியை ஐலண்டர் விமானங்களில் அவர்கள் செய்தார்கள். பிரசவ வேதனையில் இருப்பவர்கள், நெஞ்சுவலிக்காரர்கள், மீன்பிடி விபத்தில் அடிபட்டவர்கள் என்று யார் கூப்பிட்டாலும், நடுராத்திரியானாலும் கிளம்பினார்கள். இது சும்மா கிடைத்த நல்ல பேரல்ல. 1996 மே மாதம் ஷெட்லாந்தில் ஒரு ஆம்புலன்ஸ் விமானம் விழுந்து பைலட் இறந்தார். 2005 மார்ச் 15 அதிகாலை, குடல்வால் நோய் என்று சந்தேகப்பட்ட ஒரு சிறுவனை அழைத்துவரக் கிளம்பிய ஐலண்டர், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கடலில் விழுந்தது. பைலட்டும் உடன் போன மருத்துவ உதவியாளரும் மாண்டார்கள். ஒரு பையனுக்காக இரண்டு பேர். இந்தக் கணக்கை எந்த ஏட்டில் எழுதுவது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

மேற்குப் பக்கத்தில் பாரா என்ற தீவு. அங்கே ஓடுதளமே கிடையாது. கடற்கரை மணல்தான் ஓடுதளம். கிளாஸ்கோவிலிருந்து வரும் ட்வின் ஆட்டர் விமானம், கடல் உள்வாங்கிய நேரம் பார்த்து ஈர மணலில் இறங்கும். கடல் ஏறிவிட்டால் விமான நிலையம் தண்ணீருக்குள் போய்விடும். எங்கே இறங்க வேண்டும் என்று காட்ட மணலில் கம்புகள் நட்டிருப்பார்கள். கால அட்டவணையைக் கம்பெனி போடுவதில்லை, சந்திரன் போடுகிறான். கடற்கரை மணலில் அட்டவணைப்படி பயணிகள் விமானம் இறங்குவது உலகத்தில் இங்கே மட்டும்தான் என்று சொல்கிறார்கள். இருட்டில் அவசரம் என்றால், கார்களைக் கரையில் நிறுத்தி முகப்பு விளக்குகளைப் போட்டு இறக்கிய சந்தர்ப்பங்களும் உண்டு.

இனி பணத்துக்கு வருகிறேன். இதுதான் என் சொந்தத் தொழில்.

லோகன் இறந்தபின் 1968-ல் கம்பெனியை வாங்கியது ஒரு வங்கி, நேஷனல் கமர்ஷியல் பேங்க். அது மறு ஆண்டே ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தோடு இணைந்தது. 1983-ல் பிரிட்டிஷ் மிட்லண்ட் விமானக் குழுமம் வாங்கியது. அப்போது லோகன்ஏருக்குப் பெரிய ஆசைகள் வந்தன. மான்செஸ்டர் போன்ற நகரங்களுக்கு ஜெட் விமானம்கூட விட்டார்கள். பெரிய நகரப் போட்டியில் அது நிலைக்கவில்லை. 1994-ல் குழுமம் அந்தச் சேவைகளை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட, லோகன்ஏர் கையில் மிஞ்சியது பழைய தீவுகள்தான். 1997-ல் ஸ்காட் கிரியர் தலைமையில் நிர்வாகிகளே அதை விலைக்கு வாங்கினார்கள். அவர் 1970களில் அங்கே நிதிப் பிரிவுக்கு வந்தவர், நம்ம சாதி, கணக்குப்பிள்ளை! பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெயரில் கொஞ்ச காலம், ஃப்ளைபீ பெயரில் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு, 2017 செப்டம்பரில் சொந்தப் பெயருக்கே திரும்பினார்கள். 2020 மார்ச்சில் ஃப்ளைபீ திவாலானபோது, அது விட்டுப்போன வழித்தடங்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டது இந்தச் சின்னக் கம்பெனிதான்.

இத்தனை முதலாளி மாறியும் அந்த இரண்டு நிமிஷ விமானம் 1967-லிருந்து நிற்காமல் ஓடியது எப்படி? அது லாபத்தில் ஓடவில்லை, ஓடவும் முடியாது. பதில் இதுதான்: அதற்குப் பணம் தருவது ஆர்க்னி தீவுகளின் உள்ளாட்சி மன்றம். ‘பொதுச்சேவைக் கடமை’ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. வாரத்துக்கு இத்தனை தடவை பறக்க வேண்டும், இதற்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்று மன்றம் நிபந்தனை போடும். டிக்கெட் வருமானம் போக எவ்வளவு குறையும் என்று கம்பெனிகள் டெண்டரில் எழுதித் தரும். கான்ட்ராக்ட் சில வருஷங்களுக்கு. முடிந்ததும் மறுபடி டெண்டர். ஷெட்லாந்தில் இப்படித்தான் 2006-ல் உள்தீவுச் சேவை லோகன்ஏரிடமிருந்து வேறு கம்பெனிக்குப் போனது. அதனால் ஷெட்லாந்துக்காரர்களுக்கு விமானம் நின்றுவிடவில்லை. ஏனென்றால் வழித்தடம் கம்பெனியின் சொத்தல்ல, ஊரின் சொத்து.

அதேபோல, கிளாஸ்கோ–பாரா தடத்துக்கு ஸ்காட்லாந்து அரசு பணம் தருகிறது. 2015-ல் பழைய ட்வின் ஆட்டர்களுக்குப் பதிலாகப் புதிதாக இரண்டு வாங்கப்பட்டன. அதற்கும் அரசுப் பணம்தான். வெளியே போய்வரும் தீவுக்காரர்களுக்கென்று 2006 முதல் கட்டணச் சலுகையும் ஏற்படுத்தினார்கள்.

நாம் இதற்கு அன்னியர்கள் இல்லை. மலைக்கிராமத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை அரசு பஸ் போகிறதே, அது லாபத்திலா போகிறது? “அந்த பஸ்ஸை நிறுத்து” என்று யாராவது சொன்னால் அடிக்க வருவோம். பாலம் கட்டுகிறோம், பாலம் இந்த வருஷம் எவ்வளவு லாபம் என்று கேட்கிறோமா? இரண்டேமுக்கால் கிலோமீட்டர் கடல்மேல் போகிற ஐலண்டர் விமானத்தையும் ஆர்க்னிக்காரர்கள் பாலமாகத்தான் எழுதிவைத்திருக்கிறார்கள். பாலம் கட்டிய லோகனின் பெயர் அதில் இருப்பதும் பொருத்தம்தான்.

ஆனால் வானத்தில் போகிற பஸ்ஸுக்கு நம் நாட்டில் வேறு கணக்கு. 1981-ல் வாயுதூத் என்று ஒரு நிறுவனத்தை ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து ஆரம்பித்தன. வடகிழக்கு மாநிலங்களின் எட்டாத ஊர்களை இணைப்பதுதான் நோக்கம். கான்பூரில் தயாரான டோர்னியர் விமானங்களும் அதில் பறந்தன. நம் பக்கத்தில் நெய்வேலி, தஞ்சாவூர் வரை வந்தது. இங்கே சிலர் அதில் ஏறியிருக்கலாம். ஆரம்பித்த வேகத்தில் ஊர்கள் கூடிக்கொண்டே போயின, நஷ்டமும் கூடியது. 1993-ல் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைத்து முடித்தார்கள். அந்த நஷ்டம் விமானக் கம்பெனியின் நஷ்டமாக எழுதப்பட்டது. விமானத்தால் பயன்பட்ட ஊர்களின் செலவாக யாரும் எழுதவில்லை.

பிறகு உடான் திட்டம் வந்தது. 2017 ஏப்ரலில் முதல் விமானம், சிம்லாவுக்கும் டெல்லிக்கும் இடையே. நல்ல திட்டம், குறை சொல்ல நான் வரவில்லை. சிறிய ஊர்களுக்கு விமானம் விட்டால் குறைகிற பணத்தை மூன்று வருஷம் அரசு தரும். அதற்குள் சொந்தக் காலில் நிற்க வேண்டும். இதைப் பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-ல் தந்த அறிக்கையில் உள்ள எண்களைச் சொல்கிறேன். ஒதுக்கிய வழித்தடங்கள் 774. தொடங்கவே முடியாதவை 403. தொடங்கிய 371-ல் மூன்று வருஷத்தை முழுதாக ஓட்டி முடித்தவை 112. அதற்கும் பிறகு 2023 மார்ச்சில் நிலைத்திருந்தவை 54.

நெருக்கடியான பெரிய ஊர்களுக்கு மூன்று வருஷக் கைத்தாங்கல் போதும், பழகிவிட்டால் அவை நடந்துவிடும். ஆனால் நூறு பேர் தீவுக்கும், அருணாசலத்து மலை ஊருக்கும் மூன்று வருஷம் கழித்தும் நூறு பேர்தான் இருப்பார்கள், மலையும் அங்கேயேதான் இருக்கும். குழந்தைக்கு நடைவண்டி கொடுப்பது வேறு, ஆற்றைக் கடக்கப் பாலம் கொடுப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே திட்டம், ஒரே கெடு என்றால் இந்த எண்கள்தான் வரும்.

ஆர்க்னியும் நாமும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். இருபதாயிரம் பேருக்குச் செய்வதை நூற்றுநாற்பது கோடிக்கு அப்படியே செய்துவிட முடியாது. எல்லா ஊருக்கும் விமானம் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சாலை போட முடிகிற இடத்துக்குச் சாலைதான் மலிவு. சாலையும் படகும் எட்டாத ஊர்கள் எவை, அவற்றுக்கு எந்த விமானம் பொருந்தும், குறைகிற பணத்தை எந்த ஏட்டிலிருந்து நிரந்தரமாகத் தருவது என்ற மூன்று கேள்விகளை முதலில் கேட்டுவிட்டு அப்புறம் ரிப்பன் வெட்டலாம் என்கிறேன்.

இந்தக் கூட்டத்தில் மாவட்ட நிர்வாகத்தில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள். வங்கியில் இருக்கிறீர்கள். பஸ் கழகத்தில், மருத்துவத் துறையில், ஆசிரியப் பணியில் இருக்கிறீர்கள். உங்கள் மேஜைக்கு ஏதாவது ஒரு கோப்பு வரும்: இந்தக் கிளையில் வியாபாரம் இல்லை, இந்தப் பள்ளியில் பிள்ளைகள் பதினைந்து பேர்தான், இந்த டிரிப்பில் டீசல் காசுகூட வரவில்லை, மூடிவிடலாம் என்று. மூடத்தான் வேண்டியிருக்கும் என்றால் மூடுங்கள். ஆனால் ‘நஷ்டம்’ என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், நாம் எழுதுவது எந்த ஏடு என்று ஒரு தடவை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மூடினபின் அந்தச் செலவு எங்கேயும் போய்விடுவதில்லை. கர்ப்பிணியின் நடையாக, பிள்ளையின் நின்றுபோன படிப்பாக, வேறொருவர் ஏட்டில் ஏறிவிடுகிறது. அந்த ஏட்டைத் தணிக்கை செய்ய ஆள் கிடையாது.